குட்டி நாய் நடுங்கினால்...



மாட்டுக்குச் சுரம் என்றால் உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். களத்தைக் காக்கிற நாய் நடுங்கினால், "குளிருதான், விடு" என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அது குளிரேதான். மாகறல் மாதிரி செய்யாற்றங்கரை ஊர்களில் மார்கழிப் பனி லேசாகவா இறங்குகிறது? சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். தசை நடுங்கினால் சூடு உண்டாகும். சாக்கை மடித்துப் போட்டு, காற்றுப் படாத மூலையில் படுக்க வையுங்கள், நின்றுவிடும். ஆனால் பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு நடுங்கவும் தெரியாது. அது சில்லென்று அசையாமல் கிடந்தால் அதுவே ஆபத்து. தீபாவளி வெடிக்கு நடுங்குவது சத்தம் ஓய்ந்தால் சரியாகும்.

பால்குடி மறந்த குட்டி, பட்டினியில் நடுங்கித் தள்ளாடுகிறதா? ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

குட்டி போட்ட பெட்டை நாய் சங்கதி வேறே. ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், அதுவும் சின்ன உடம்புக்காரி நாலைந்து குட்டிக்குப் பால் கொடுக்கும்போது, திடீரென்று நடுங்கும். கால் விறைக்கும், மூச்சு வாங்கும். கறவை மாட்டுக்கு வருகிற பால் சுரம் தெரியுமல்லவா? அதேபோல் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதுதான். ஒரு வித்தியாசம், மாட்டுக்குக் காது சில்லிட்டுப் போகும். நாய்க்கோ உடம்பு கொதிக்கும். குட்டிகளை உடனே பிரித்துவிட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். கால்சியம் ஊசியை அவர்தான் நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். காலையில் பார்த்துக்கலாம் என்று இருந்தால் நாய் தங்காது.

நாயின் உடம்பு எப்போதுமே நம்மைவிடச் சூடு. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்புதான். 104ஐத் தாண்டினால் விடக்கூடாது. அதற்காக நம் வீட்டுச் சுரமாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு விஷம்.

வயலில் பூச்சிமருந்து அடித்த நாளில் நாய் எச்சில் வடிய நடுங்கினால், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். பார்த்ததும் டாக்டருக்கு மாற்று மருந்து இன்னதென்று புரியும். எலிக்கு வைத்த சிங்க் பாஸ்பைடைத் தின்ற நாய் வாந்தி எடுத்தால் முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு நமக்கும் கேடு.

சுரம், கண்ணில் பீளை, பிறகு தாடையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால் டிஸ்டெம்பர். ஆறேழு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

நடை தடுமாறி, தாடை தொங்கி, குரல் மாறிய நாயை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். அதன் எச்சில் காயத்தில் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.