நிரந்தர வாசமும் ஆறு மாதக் கணக்கும்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தங்கவயல்காரர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். தலைமுறை தலைமுறையாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம், வீடென்னவோ கம்பெனியுடையதுதான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினபோது, குடியிருப்பது வேறு, உரிமை வேறு என்று நன்றாகவே புரிந்தது. ஜெர்மனிக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான்.

அங்கே நிரந்தர வாச அனுமதிக்கு வருஷக் கணக்கு மட்டும் போதாது. 'ப்ளூ கார்டு' வைத்திருப்பவர் 27 மாதம் வேலை பார்த்து, அத்தனை மாதமும் பென்ஷன் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ1 நிலை தெரிந்திருக்க வேண்டும். பி1 தேறினால் 21 மாதமே போதும். தொழில் தகுதியுள்ள மற்றவர்களுக்குப் பொதுவாக 3 வருஷம், 36 மாதச் சந்தா, பி1. அந்நாட்டுச் சட்டம், சமூகம் பற்றி 33 கேள்விகள் கொண்ட பரீட்சையும் உண்டு. 15 சரியாக இருந்தால் பாஸ். ஆகவே, போன முதல் மாதத்திலேயே பாஷை வகுப்பில் சேருங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளை ஓடி வந்தான். ஐந்தாம் மாதம் திரும்பிப் போக டிக்கெட் பார்த்தான். "நிரந்தரம் என்றாயே, இப்போது என்ன அவசரம்?" என்று கோபித்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கிற்று. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அந்த அனுமதி பொதுவாகக் காலாவதியாகிவிடும். அதிக நாள் தங்க வேண்டுமானால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும்.

ஐந்து வருஷ வாசமும் 60 மாதச் சந்தாவும் இருந்தால், 'ஐரோப்பிய யூனியன் நீண்டகால வாச அனுமதி' என்று இன்னொன்றுக்கு மனுப் போடலாம். அது இருந்தால் யூனியனுக்கு வெளியே ஏறக்குறைய ஒரு வருஷம் வரை தங்கலாம். என் பிள்ளைக்கு அந்தத் தகுதி இருந்தது. அவனும் மனுப் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவன் கிளம்பினான். அவன் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

பெற்றோர்களே, "நிரந்தர விசா வந்துவிட்டதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்த அனுமதி? எத்தனை மாதம் நம்மோடு இருக்கலாம்?" என்றும் கேளுங்கள். நமக்கு வயதாகிக்கொண்டே போகிறது.