வீடு தேடி வரும் கல்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பிழைப்பை நாடிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நாம், நம் மக்களின் உயர்கல்வியைப் பற்றி என்றுமே கவலை கொண்டவர்கள். இங்கே கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. திருப்பதியில் 1954-இல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் எழுந்தது. 1983-இல் மகளிர்க்கெனப் பத்மாவதி பல்கலைக்கழகம் தோன்றியது. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வந்தது. ஆயினும், திருமணத்தால் படிப்பை இடையில் நிறுத்திய மகளுக்கும், பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைக்கும் மகனுக்கும் கல்லூரியின் வகுப்பு நேரம் ஒத்து வருவதில்லை.

இக்குறையை இணையவழிக் கல்வி பெரிதும் போக்குகின்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003-இல் தொடங்கிய 'என்பிடெல்' திட்டம், பேராசிரியர்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கச் செய்தது. 2017-இல் நடுவணரசு 'சுவயம்' தளத்தைத் திறந்தது. என்பிடெல் பாடங்களில் வாரந்தோறும் பயிற்சி உண்டு. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரிற் சென்று எழுதவேண்டும். பல்கலைக்கழகம் இசைந்தால், ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை சுவயம் வழியே படிக்கலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது.

தாய்மொழியைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கும் வழியுண்டு. தமிழக அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது. வெளியில் வாழும் தமிழர்க்குத் தமிழை இணையத்தின் வழியே கற்பிப்பதே அது தோன்றிய நோக்கம்.

ஆனால், கருவி வந்துவிட்டால் கல்வி வந்துவிடுமா? 2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டபோது நம் வீடுகளில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். வீட்டிற்கு ஒரு செல்பேசி. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. செல்பேசி யார் கைக்குப் போயிற்று? அண்ணன் கைக்கே போயிற்று. கொடுத்தவர்கள் நாமே. தங்கை அடுக்களைக்குப் போனாள். அந்தக் குற்றத்தைக் கருவியின் மேல் ஏற்றுவது நேர்மையன்று.

மற்றொன்றும் அப்போது கண்டோம். பதிவான விரிவுரையை நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம்; மெதுவாகப் புரிந்துகொள்வோர்க்கு அது பெரும் வரம். ஆனால் ஐயம் எழுந்தால் திரையிடம் கேட்டு என்ன பயன்? ஆய்வுக்கூடப் பயிற்சியைத் திரையில் முடிக்கவும் இயலாது. ஆதலின், பாடத்தை வீட்டில் கேட்டு, ஐயத்தை ஆசிரியர் முன் தீர்த்துக்கொள்ளும் கலப்பு முறையே நமக்கு ஏற்றது.

அதற்கு இச்சங்கக் கூடம் பயன்படலாகாதா? நாள்தோறும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை இதனைத் திறந்து வைப்போம். இரண்டு கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றனர். வாரத்தில் ஒரு மாலையை அவர்கள் நல்கட்டும். இரவிலே பெண்கள் தனித்துத் திரும்பாதபடி அழைத்துச் செல்லும் பொறுப்பைக் குடும்பத்தார் ஏற்கட்டும். முதல் இருக்கை, படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கே உரியதாகட்டும்.

மேடையில் மாலை சூட்டி மகிழ்வதோடு நம் ஆண்டு விழா முடிந்துவிடலாகாது. அடுத்த ஆண்டு இவ்விழாவில், இக்கூடத்தில் படித்துத் தேறிய மகள் ஒருத்தி நம்முன் நின்று பேசவேண்டும். அதுவே நம் சங்கத்திற்குப் பெருமை.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!