எலிக்கு ஆறிய புண்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில், மருந்தியல் துறை அரங்கில் ஆற்றிய உரை)



விழாவில் பேச வந்தவன் புண்ணைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த அரங்கில் இருக்கும் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுகிறவர்கள். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது காலில் புண்ணோடு அவதிப்படுகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறிய புண்களிலும் பத்துக்கு நான்கு ஒரே வருடத்தில் திரும்ப வந்து விடுகின்றன. ஆகவே இது நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் வருடம் தவறாமல் ஒரு தலைப்பு வருகிறது. ஏதோ ஒரு மூலிகையின் சாறு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் புண்ணை ஆற்றும் திறன். குப்பைமேனி, மஞ்சள், கற்றாழை, வேம்பு என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. முடிவு மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: புண் சீக்கிரம் ஆறியது! அப்படியானால் ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஏன் கால்களை எடுக்கிறார்கள்? எலிக்கு ஆறிப் போச்சு, மனுஷனுக்கு ஏன் ஆறலை? இந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சு.

முதலில், எலிக்குச் சர்க்கரை நோய் எப்படி வருகிறது? நாம்தான் வர வைக்கிறோம். 1943இல் ஸ்காட்லாந்தில் டன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அப்போது அலாக்சான் என்ற பொருளை முயல்களுக்குக் கொடுத்தபோது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் செத்துப் போனதைக் கண்டார்கள். பிறகு ஸ்ட்ரெப்டோசோடோசின் வந்தது. இது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி உண்டாக்கும் பொருள். சர்க்கரை நோயை வரவழைக்கும் என்பது 1963இல் தெரிய வந்தது. இதன் மூலக்கூறில் ஒரு பகுதி குளுக்கோஸ் மாதிரியே இருக்கும். அந்த வேஷத்தைப் பார்த்து ஏமாந்து பீட்டா செல் கதவைத் திறந்து விடுகிறது. உள்ளே போனதும் அது செல்லை அழித்து விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களுக்கு இதன் செய்முறை மனப்பாடம். குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், பி.ஹெச். 4.5இல், கரைத்த கையோடு ஊசி போட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அன்று இரவு எலிக்குக் குளுக்கோஸ் தண்ணீர் வைக்க வேண்டும். ஏனென்றால் சாகிற செல்கள் தம்மிடமுள்ள இன்சுலினை ஒரேயடியாகக் கொட்டி விடும். சர்க்கரை தாழ்ந்தே எலி செத்துப் போகலாம். மூன்று நாள் கழித்து வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 250 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் "இது டயாபடிக் எலி" என்று எழுதிக் கொள்கிறோம். பிறகு முதுகில் மயிரை மழித்து, மயக்க மருந்து கொடுத்து, வட்டமாகத் தோலை வெட்டி எடுத்துப் புண்ணாக்கி மருந்தைத் தடவுகிறோம்.

இப்போது அந்த எலியையும், வெளிநோயாளர் பிரிவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுப் பெரியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எலிக்குச் சர்க்கரை வந்து ஒரு வாரம் ஆகிறது; பெரியவருக்கு இருபது வருடம். எலியின் புண் கிருமி நீக்கிய கத்தியால் நேற்று வெட்டியது. பெரியவரின் புண் நான்கு மாதமாக ஆறாமல், கிருமிகள் படலம் கட்டிக் குடியிருப்பது. எலிக்குக் காலில் உணர்ச்சி உண்டு. பெரியவருக்குச் செருப்பு கழன்று போனதே தெரியாது. எலியின் ரத்தக் குழாய்கள் புதியவை. பெரியவரின் முழங்காலுக்குக் கீழே குழாய்கள் அடைத்திருக்கின்றன. எலிக்குப் புண் முதுகில். பெரியவருக்கு, உடம்பின் முழு எடையும் இறங்கும் உள்ளங்காலில். இரண்டுக்கும் பொதுவானது ரத்தத்தில் சர்க்கரை என்ற ஒன்றுதான்.

இது போதாதென்று தோலிலேயே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாடு ஈ ஓட்டத் தோலைச் சிலிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தசைப் படலம் செய்யும் வேலை அது. எலிக்கும் அந்தப் படலம் உண்டு. மனிதனுக்குக் கழுத்து போன்ற சில இடங்களில் மிச்சம் மீதி இருப்பதோடு சரி. எலியின் தோல் தளர்வானது. புண் ஏற்பட்டால் சுருக்குப் பையின் வாயை இழுத்து மூடுவது மாதிரி சுருங்கியே பெரும்பாலும் மூடிக் கொள்ளும். நமக்கோ புதுச் சதை வளர்ந்து, அதன் மேல் தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து மூட வேண்டும். ஆக, எலியின் புண் சிறியதாகி விட்டது என்று அளவெடுத்து எழுதும்போது, நாம் அளந்தது மருந்தின் வேலையையா, தோலின் சுருக்கத்தையா?

இதற்கு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 2004இல் கலியானோ குழுவினர் ஒரு எளிய வழியை விவரித்து எழுதினார்கள். சுண்டெலியின் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒன்றை ஒட்டித் தையல் போட்டு விடுவது. தோல் சுருங்க முடியாது. மனிதனைப் போலவே சதை வளர்ந்துதான் ஆற வேண்டும். அதிகச் செலவு கிடையாது. நம் கல்லூரியிலும் செய்யலாம். முயலின் காதில் புண் உண்டாக்குவது இன்னொரு வழி. அங்கே அடியில் குருத்தெலும்பு இருப்பதால் தோல் சுருங்காது.

சர்க்கரை நோயை வர வைக்கும் முறையிலும் முன்னேற்றம் உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டு 1966இல் அறிவிக்கப்பட்ட டி.பி. சுண்டெலிக்குப் பிறவியிலேயே கோளாறு. லெப்டின் என்ற பசியடக்கும் ஹார்மோனை உணரும் ஏற்பி அதற்கு வேலை செய்யாது. தின்று தின்று குண்டாகி, சர்க்கரை ஏறி, புண் ஆற நாளாகும். நம் நாட்டிலும் மொஹாலியில் உள்ள நைப்பர் நிறுவனத்தார் 2005இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். எலிக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, பிறகு குறைந்த அளவு ஸ்ட்ரெப்டோசோடோசின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இது ஓரளவு நெருங்கி வருகிறது.

விலங்கே வேண்டாம், செல்களை வைத்துப் பார்ப்போமே என்பவர்களும் உண்டு. தட்டில் தோல் செல்களை வளர்த்து, பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழித்து, அந்த இடைவெளி எத்தனை மணி நேரத்தில் மூடுகிறது என்று பார்ப்பது. சர்க்கரை நோய் மாதிரி இருக்க, 5.5 மில்லிமோலாருக்குப் பதில் 25 மில்லிமோலார் குளுக்கோஸ் சேர்ப்பார்கள். நம் கணக்கில் 100 மில்லிகிராமும் 450 மில்லிகிராமும். நல்ல சோதனைதான். ஆனால் அந்தத் தட்டில் ரத்தம் இல்லை, நரம்பு இல்லை, கிருமி இல்லை. மானிட்டால் சேர்த்த தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாவிட்டால், பார்த்தது சர்க்கரையின் விளைவா, கரைசலின் அடர்த்தியால் வந்த விளைவா என்றுகூடச் சொல்ல முடியாது.

எது மனிதனுக்கு நெருக்கம்? புண் சிகிச்சைகள் பலவற்றை எடுத்து ஒப்பிட்ட கட்டுரை ஒன்று 2001இல் வந்தது. பன்றியில் கண்ட முடிவு மனிதரோடு 78 சதவீதம் ஒத்துப் போயிற்று. செல் சோதனை 57. எலி போன்ற சிறு விலங்குகள் 53 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே ஐயா! பன்றியின் தோல் நம் தோலைப் போல இறுகி ஒட்டியிருப்பது. ஆனால் பன்றி வளர்க்க இடம் வேண்டும், பணம் வேண்டும்.

எலியில் வென்று மனிதனுக்கும் வந்து சேர்ந்த மருந்து இல்லாமல் இல்லை. பெகாப்ளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணி ஜெல் அப்படி வந்தது. அந்தக் காரணி 1990இல் டி.பி. சுண்டெலிகளில் நல்ல பலன் காட்டியது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மனிதரில் கிடைத்தது என்ன? முக்கியமான சோதனை ஒன்றில், 20 வாரத்தில் மருந்து போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கும், வெறும் ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கும் புண் முழுதாக மூடியது. பலன் உண்டு, அற்புதம் இல்லை. அந்த 35ஐக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல், புண்ணைச் சுத்தம் செய்து பாரத்தைக் குறைத்ததிலேயே மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் வேலூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1946இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை கெட்டதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் மிதித்து மிதித்து நடப்பதால்தான் என்று கண்டார். காலை அசையாமல் பிளாஸ்டர் கட்டுப் போட்டால் புண் ஆறியது. பிறகு அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரில், எலியின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார். முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது, பிறகு புண்ணானது. இன்றைக்குச் சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சையாகப் பாரத்தைக் குறைக்கச் சொல்கிறார்களே, அந்த அறிவு இந்த வழியில் வந்தது. என்னைக் கேட்டால் சிறந்த எலி மாதிரி இதுதான். நோயாளியின் காலைப் பார்த்து எழுந்த கேள்வியை அவர் எலியிடம் கொண்டு போனார். நாம் எலியிடமிருந்து பதிலை எடுத்துக் கொண்டு நோயாளியைத் தேடுகிறோம்.

மாணவச் செல்வங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்தான். எலிகளைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். எது மருந்து போட்ட புண் என்று தெரியாதவர் அளவெடுக்கட்டும். ஒரே எலியில் இரண்டு புண் செய்துவிட்டு இரண்டு எலி என்று கணக்கு எழுதாதீர்கள். வளையம் போடுங்கள். சர்க்கரை வந்த மறு வாரமே வெட்டாமல் சில வாரங்கள் பொறுங்கள். எலி முடிவை எழுதும்போது "எலியில்" என்ற ஒரு சொல்லைத் தலைப்பிலும் முடிவுரையிலும் விட்டு விடாதீர்கள். அந்த ஒரு சொல் விடுபட்டால், அதைப் படித்து யாரோ ஒருவர் தைலம் காய்ச்சி விற்பார். அதை நம்பி ஒரு பெரியவர் மூன்று வாரம் தடவிக் கொண்டு வீட்டில் இருப்பார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது விரல் கறுத்திருக்கும்.

அந்த எலிகளுக்கும் நாம் கடன்பட்டவர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்னார்கள்: முடிந்தால் விலங்கைத் தவிர், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. நெறிமுறைக் குழுவின் அனுமதிப் படிவத்தை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். பதில் தர முடியாத சோதனையில் ஓர் எலியை வெட்டினாலும் அது வீண் பலிதான்.

என் வயது நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்று இரவு படுக்கப் போகும்போது உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ, கொப்புளமோ, சின்ன வெடிப்போ தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று சும்மா இருந்து விடாதீர்கள், வலிக்காததுதான் ஆபத்து.