எண்ணெய் பெருகிய நாடு: நைஜீரியாவின் கதை

(தோட்ட மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை நான் இங்கு வந்திருந்தபோது, கூட்டம் முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஒருவர் என்னை அணுகி ஒரு வினா எழுப்பினார். "ஐயா, நம் நாட்டில் கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதில் அவ்வளவு பணம் வருகிறதென்றால், இன்னும் நாம் ஏன் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவவேண்டும்?" என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், இதே வினாவை ஒரு நாடே தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. மரங்கள் இனி வேண்டியதில்லை என்பதுபோல் நடந்தும் பார்த்தது. அன்று நேரமின்மையால் விடை கூறாமல் சென்றேன். இன்று அந்த நாட்டின் கதையையே கூறலாமென்று வந்திருக்கிறேன்.

அந்நாடு நைஜீரியா. சுவரில் மாட்டியுள்ள படத்தைப் பாருங்கள். ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பக்கம் உள்வளைந்து நிற்கும் மூலையில் இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 9 இலட்சத்து 24 ஆயிரம் சதுரக் கிலோமீட்டர். நம் மலேசியாவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மக்கள்தொகை 20 கோடிக்கும் மேல். ஹௌசா, யொருபா, இக்போ ஆகிய மூன்றும் பெரிய இனங்கள். இவைபோக நூற்றுக்கணக்கான மொழிகள் அங்குப் பேசப்படுகின்றன. பிரித்தானியர் வடபகுதியையும் தென்பகுதியையும் 1914 இல் ஒன்றிணைத்தனர். 1960 அக்டோபர் 1 ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது.

தெற்கே கடலோரம் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும். அதற்கு மேலே மழை மிகுந்த அடர்காடு. இன்னும் மேலே சென்றால் புல்வெளி. வடகோடியில் சகாராப் பாலைவனத்தின் புழுதிக்காற்று வீசும் வறண்ட நிலம். கினி நாட்டு மலைகளில் பிறக்கும் நைஜர் என்னும் பேராறு, 4,000 கிலோமீட்டருக்கு மேல் வளைந்தோடி, லோகோஜா என்னும் ஊரில் பெனுவே ஆற்றோடு கலந்து, தெற்கே பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழுகிறது. கிளைகள் பிரியும் அந்தக் கழிமுகத்தில்தான் எண்ணெய் இருக்கிறது. இதை மனத்தில் வையுங்கள்; பின்னர் மீண்டும் அங்கு வருவோம்.

எண்ணெய்க்கு முன்

எண்ணெய் வருமுன் அந்நாடு எதை விற்று வாழ்ந்தது? நம்மைப்போல் மரத்தையும் மண்ணையும் நம்பித்தான். மேற்கே கொக்கோ; வடக்கே கானோ நகரைச் சுற்றி நிலக்கடலை; கிழக்கே செம்பனை. பெனின், சப்பேலே வட்டாரங்களில் நமக்கு நன்கு தெரிந்த கித்தா மரமும் உண்டு. கானோவில் கடலை மூட்டைகளைக் கூம்புபோல் அடுக்கி, கோபுரங்களென நிறுத்தியிருப்பார்கள். அக்கடலை மலைகளின் படம் அந்நாளைய பள்ளிப் புவியியல் நூல்களில் இடம்பெற்றிருந்தது. 1912 வாக்கில் கானோவை எட்டிய இரயில்பாதை அதனை லாகோஸ் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்றது.

செம்பனை என்றதும் நம் தோட்டத்துப் பனை நினைவுக்கு வரும். அம்மரத்தின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்காவே. நம் நாட்டில் அதனை வாணிகத்துக்காக முதன்முதலில் 1917 இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் நட்டனர். (தோட்டத்தின் பெயர் தென்னை, நட்டதோ பனை!) விடுதலை பெற்ற காலத்தில் உலகிலேயே அதிகமாகச் செம்பனை எண்ணெய் ஏற்றுமதி செய்த நாடு நைஜீரியாதான். 1960களில் அந்த முதலிடம் நம் கைக்கு வந்தது. 1973 இல் நம் ஆராய்ச்சியாளர்கள் அங்குச் சென்று, காட்டுப்பனைகளின் விதைகளைத் திரட்டி வந்து, இங்கு நல்ல வகைகளை உருவாக்கப் பயன்படுத்தினர். 1981 இல் பக்கத்து நாடான கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் நம் பெண்கள் மகரந்தத் தூளைப் பனம்பூவில் கையாலேயே தூவி வந்தனர். இங்குள்ள மூத்த தாய்மார்களுக்கு அது நினைவிருக்கலாம். அவ்வேலையை வண்டு எடுத்துக்கொண்டது.

1956 இல் கழிமுகத்தில் ஒலோயிபிரி என்னும் சிற்றூரில், விற்பனைக்குப் போதுமான அளவு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1958 இல் முதற்கப்பல் புறப்பட்டது. 1967 முதல் 1970 வரை அந்நாட்டில் கொடிய உள்நாட்டுப் போர் மூண்டது. கிழக்குப் பகுதி பியாஃப்ரா எனத் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. போரினாலும் பட்டினியாலும் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. அப்பெருந்துயரை ஒரே வரியில் கூறிக் கடப்பது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இன்றைய பேச்சு எண்ணெயைப் பற்றியது.

போர் முடிந்த மூன்றே ஆண்டுகளில், 1973-74 இல், உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஒரு பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்குத் தாவியது. 1980 வாக்கில் 30 டாலரையும் தாண்டியது. பீப்பாய் என்பது 159 லிட்டர். நைஜீரியா நாள்தோறும் 20 இலட்சம் பீப்பாய் அளவில் எடுத்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

சிமெண்டுக் கப்பல்கள்

பணம் வந்ததும் என்ன செய்தார்கள்? எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். 1976 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசத் தொடக்கக்கல்வித் திட்டம் தொடங்கினர். பல்கலைக்கழகங்கள் எழுந்தன. லாகோஸ் கடற்கழிமீது ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளப் பாலம் 1990 இல் முடிந்தது. நம் பினாங்குப் பாலத்துக்குச் சற்றே குறைந்தது. நாட்டின் நடுவில் அபூஜா என்னும் புதுத் தலைநகரைக் கட்டி 1991 இல் குடிபுகுந்தனர். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில், அந்தப் பள்ளிக்கூடங்களை நான் எளிதில் குறைகூற மாட்டேன்.

ஆனால் அவசரம் இருந்தது. அரசாங்க ஊழியருக்குச் சம்பளத்தை உயர்த்தி, உயர்வுக்குரிய பழைய நிலுவையையும் 1975 தொடக்கத்தில் ஒருசேரக் கொடுத்தனர். கடைகளில் பொருள் கூடவில்லை; வாங்குவோர் கையில் பணம் மட்டும் கூடியது. விலைவாசி ஏறி, சம்பள உயர்வை விழுங்கியது. ஊழியரல்லாத ஏழைக்கு உயர்வும் இல்லை, பழைய விலையும் இல்லை.

அதே ஆண்டில் நடந்ததுதான் சிமெண்டுக் கதை. கட்டுமானங்களுக்காக ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்டுக்கு ஒரே காலத்தில் கட்டளை கொடுத்துவிட்டனர். லாகோஸ் துறைமுகமோ அதில் மிகச் சிறு பங்கையே ஓர் ஆண்டில் இறக்க வல்லது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் வரிசைகட்டி நின்றன. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரனுக்குத் தாமதக் கட்டணம் கட்டவேண்டும். கட்டணம் பெறுவதற்கென்றே பழைய கப்பல்களும் வந்து நின்றன என்று அந்நாளில் பேசப்பட்டது. ஈரக்காற்றில் சிமெண்டு கப்பலுக்குள்ளேயே கல்லாய் இறுகியது. கையில் பணம் இருந்தது. அதனை இறக்கிவைக்கத் துறை இல்லை. அடிப்படை வசதி என்று நாங்கள் மேடைதோறும் சொல்கிறோமே, அது யாதென்று இக்கப்பல் வரிசையே காட்டும்.

மரங்கள் என்னவாயின?

இதுதான் பெரியவரின் கேள்விக்கு நேரான இடம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். மரத்தை யாரும் வேண்டுமென்று வெட்டிவிடவில்லை. மூன்று வழிகளில் அது கைவிடப்பட்டது.

எண்ணெய் டாலர் குவியவே, நைரா என்னும் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு உயர்ந்து நின்றது. கொக்கோவுக்கும் செம்பனைக்கும் உலகச் சந்தை டாலரில் விலை தரும். நாணயம் உயர்ந்திருந்தால், அதே டாலரை மாற்றும்போது விவசாயிக்குக் குறைந்த நைராவே கிடைக்கும். அதே வேளையில் வெளிநாட்டு அரிசியும் கோதுமையும் மலிவாகிவிடும். உள்ளூரில் உழுதவன் இரண்டு பக்கமும் அடிபட்டான்.

விளைபொருளை வாங்குவதற்கு அரசாங்க விற்பனை வாரியங்கள் இருந்தன. உலக விலைக்கும் விவசாயிக்குக் கொடுத்த விலைக்கும் இடையிலான தொகையின் பெரும்பகுதியை அவை வைத்துக்கொண்டன. கிழட்டு மரத்தை அகற்றிப் புதுக்கன்று நட அது போதிய அளவு திரும்பவில்லை. இவ்விடத்தில் நம் நாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். இங்கும் இரப்பர் ஏற்றுமதியில் வரி பிடித்தனர். ஆனால் 1952 முதல் மறுநடவு நிதி என ஒன்றமைத்து, அவ்வரியைக் கன்றாக மண்ணுக்கே திருப்பினர். உங்கள் நிரையில் நிற்கும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தைக் கேட்டால் அது சொல்லும்.

மூன்றாவது, இளைஞர். நகரில் கட்டுமான வேலை, கடை வேலை, காரோட்டும் வேலை. சிற்றூரில் முதியோரே எஞ்சினர். வடக்கில் 1970களின் தொடக்கத்தில் வறட்சியும் பயிர்நோயும் சேர்ந்துகொள்ள, கானோவின் கடலை மலைகள் மறைந்தன. 1970களின் நடுவிலிருந்து நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் ஒன்றிலிருந்தே வந்தது.

பிறகு 1986 இல் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 10 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. இரப்பர் விலை விழுந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கு நாட்டுக்கே அது நடந்தது: கடன், நாணய மதிப்புக் குறைப்பு, பாதியில் நின்ற கட்டடங்கள். அஜோகுட்டா என்னும் ஊரில் 1980 வாக்கில் தொடங்கிய மாபெரும் எஃகு ஆலை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முழுமை பெறவில்லை. 2014 க்குப் பின் விலை மீண்டும் சரிந்தபோதும், 2016 இல் பொருளாதாரம் சுருங்கியது.

இன்னொரு விந்தை கேளுங்கள். கச்சா எண்ணெய் விற்ற நாடு, பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கியது! போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய இடங்களில் அரசாங்கச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும், பராமரிப்பின்றிப் பழுதாகிக் கிடந்தன. வாங்கிய பெட்ரோலை அரசாங்கம் மானியத்தில் மலிவாக விற்றது. 2023 மே மாதம் 29 ஆம் நாள் புதிய அதிபர் அம்மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தார். லிட்டர் 190 நைரா அளவில் இருந்த பெட்ரோல் சில நாள்களிலேயே 500 நைராவைக் கடந்தது. பேருந்துக் கட்டணம் ஏறியது. மரவள்ளி மாவின் விலையும் ஏறியது. உலகில் அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு அது. ஜப்பானியர் காலத்தில் நம் பெரியோர் உயிர் பிழைத்த அதே கிழங்குதான் அங்கு அன்றாட உணவு. லாகோஸ் அருகே நாளொன்றுக்கு 6 இலட்சத்து 50 ஆயிரம் பீப்பாய் சுத்திகரிக்கவல்ல தனியார் ஆலை 2024 இல் உற்பத்தி தொடங்கியிருக்கிறது. அது நல்ல செய்தி. மின்சாரமோ இன்னும் தட்டுப்பாடுதான். வசதியுள்ளவன் வீட்டில் ஜெனரேட்டர் உறுமும், மற்றவன் வீட்டில் விளக்கு எரியும்.

கழிமுகத்துக்குத் திரும்புவோம் என்றேன். எண்ணெய் எடுத்த இடத்து மக்கள் மீன்பிடித்தும் கிழங்கு நட்டும் வாழ்ந்தவர்கள். குழாய் உடைந்து ஓடையில் எண்ணெய் படிந்தது. எரிவாயு இரவுபகலாய் வானில் எரிந்தது. ஒகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சரோ-விவா, இராணுவ ஆட்சியில் 1995 நவம்பர் 10 ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஒகோனி நிலத்தையும் நீரையும் தூய்மையாக்க 25 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு 2011 இல் கூறியது. 1998 அக்டோபரில் ஜெஸ்ஸி என்னும் ஊரில் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோலை வாளியிலும் குடத்திலும் பிடிக்கக் கூடிய மக்கள் நடுவே தீப்பற்றி, ஆயிரம் பேருக்குமேல் மாண்டனர். நாட்டின் செல்வமெல்லாம் தம் காலடியில் ஓட, அவர்கள் கையில் இருந்தது ஒரு வாளி.

பெரியவரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் பணம் தரும். வேலையை அவ்வளவாகத் தராது. ஓர் எண்ணெய் மேடையில் சில நூறு பேர் இருந்தால் அதிகம். அப்பணம் முதலில் அரசாங்கத்தின் கைக்குத்தான் போகும். அங்கிருந்து பள்ளியாகவும் மருந்தகமாகவும் சாலையாகவும் உங்களிடம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. மங்கில் சொட்டும் பாலின் காசோ உங்கள் கையிலிருந்தே தொடங்குகிறது. குறைந்த காசுதான், அதை மறுக்கவில்லை. இரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நம்மவர் பலர் வேலையையும் வீட்டையும் இழந்து பட்டணத்துக்குப் போனதையும் நான் மறைக்கவில்லை. ஒரே பொருளை நம்பியிருப்பதன் வலியை நைஜீரியாவிடம்தான் கற்கவேண்டும் என்பதில்லை, நமக்கே தெரியும். நம் நாட்டில் 1910 இலேயே மிரியில் எண்ணெய்க் கிணறு தோண்டியும், 1974 இல் பெட்ரோனாஸ் அமைத்தும், இரப்பரும் பனையும் தொழிற்சாலையும் கூடவே இருந்தன. விலை விழுந்த ஆண்டுகளில் ஒன்றை மற்றொன்று தாங்கியது.

நைஜீரியாவிலும் இப்போது கொக்கோவையும் பனையையும் மீண்டும் நடுவோர் இருக்கிறார்கள். எனினும் அந்நாட்டு மக்களின் சமையலுக்கு உள்ளூர் எண்ணெய் போதவில்லை. செம்பனையின் தாயகமான அந்நாடு செம்பனை எண்ணெயை இறக்குமதி செய்கிறது. அதில் ஒரு பகுதி நம் துறைமுகங்களிலிருந்து புறப்படுகிறது.

படத்தைச் சற்று நேரம் சுவரிலேயே விட்டுவைக்கிறேன். பிள்ளைகள் அருகில் வந்து நைஜர் ஆற்றை விரலால் தொட்டுப் பார்க்கலாம். கேள்விகள் இருப்பின் தேநீர் வேளையில் கேளுங்கள்.