இலச்சினையில் எமக்கும் இடம் வேண்டும்

(காங்கேசன்துறையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



காங்கேயனாகிய முருகப்பெருமானின் பெயர் தாங்கிய துறை இது. அவன் ஊர்தி மயில்; அவன் கொடியிலே நிற்பது சேவல். அயலிலுள்ள மாவிட்டபுரம் குதிரைமுகம் நீங்கிய கதையையும், கீரிமலை கீரிமுகம் நீங்கிய கதையையும் தத்தம் பெயரிலேயே சுமந்து நிற்கின்றன. விலங்கையும் பறவையையும் அடையாளமாகக் கொள்வது நமக்குப் புதிதன்று.

சோழன் புலியையும் பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் பொறித்தனர். சேரன் சூடியது பனம்பூ. பாண்டியன் சூடியது வேம்பு. சோழன் சூடியது ஆத்தி. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ தம் நாணயத்திலே படுத்திருக்கும் நந்தியைப் பொறித்து, அதன்கீழ் 'சேது' என்று தமிழில் எழுதினர். சைவரின் நந்தி, உழவனின் எருது. இரண்டும் அந்தக் காசிலே ஒன்றாயின.

பின்னர் வந்த பிரித்தானியர் இலங்கைக்கு யானையையும் தென்னையையும் சின்னமாக்கினர். அவர்கள் அந்நியர், எனினும் அச்சின்னம் எந்த ஓர் இனத்தையும் உயர்த்தவில்லை, எவரையும் தாழ்த்தவுமில்லை.

சுதந்திரம் வந்தபோது கண்டியரசனின் வாளேந்திய சிங்கம் கொடியேறியது. தமிழர் ஆட்சேபித்தனர். 1951இல், சிங்கத்துக்கு வெளியே, ஓரத்தில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமென இரண்டு கோடுகள் சேர்க்கப்பட்டன. கொடிக்குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கு இணங்க மறுத்தார். 1954இல் வந்த அரசு இலச்சினையிலோ அந்தக் கோடுகளும் இல்லை. 1972இல் அது மாற்றியமைக்கப்பட்டபோது தருமச் சக்கரம் மேலேறியது, நெற்கதிர்கள் சூழ்ந்தன, நடுவே சிங்கம் அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது.

இலங்கைக் காட்டிலே சிங்கம் இல்லையே, சிறுத்தைதானே உண்டு என்று சிலர் நகைக்கின்றனர். அது நம் வாதமன்று. இங்கிலாந்தின் காட்டிலும் சிங்கம் இல்லை. சோழனின் புலியும் இத்தீவில் உலாவவில்லை. ஓர் இனம் தன் வீரத்துக்குச் சிங்கத்தைத் தேர்ந்தால் நாம் வருந்துவானேன்? நாடு முழுவதற்கும் உரிய முத்திரையிலே ஓர் இனம் நடுவிலும் மற்றையோர் ஓரத்திலும் அல்லது எங்குமே இல்லாமலும் இருப்பதே நம் வழக்கு.

பொதுச் சின்னம் இயலாததன்று. அதே இலச்சினையிலுள்ள நெற்கதிரைப் பாருங்கள்! நெல் சிங்களமும் பேசாது, தமிழும் பேசாது. கிளிநொச்சியிலும் விளைகிறது; பொலன்னறுவையிலும் விளைகிறது. எல்லோரும் கூடி, எல்லோர் இணக்கத்தோடும் வகுக்கும் சின்னமே நாட்டுச் சின்னம். பெரும்பான்மை வாக்கால் ஒட்டப்படுவது வெறும் முத்திரை.

உரிமையைக் கேட்கும் நாம் நம் கடமையையும் எண்ணவேண்டும். சேரன் சூடிய பனை போர்க்காலத்திலே காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் விலைக்காகத் தறிக்கப்படுகிறது. காசிலே நந்தியைப் பொறித்த நாட்டிலே நாட்டுமாடு அருகி வருகிறது. வாழும் மரத்தை வெட்டிவிட்டுச் சின்னத்திலே அதைத் தேடுவது மதியாகுமா?

ஆகவே, உத்தியோகத்தரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் நம் வழக்கை எழுத்திலும் சபையிலும் எடுத்துரைக்கட்டும். உழவர் மாரிக்கு முன் எல்லைதோறும் பனங்கொட்டை புதைக்கட்டும். அது பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். உரிமையும் அத்தகையதே. இரண்டையும் இன்றே ஊன்றுவோம்!