பல அடுக்குப் பம்பும் தண்டின் பாரமும்



கவலை இறைத்த காலத்தில் ஜலத்தின் பாரம் வடத்திலும் மாடுகளின் கழுத்திலும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் பல அடுக்குப் பம்பிலோ, ஒரு பெரும் பாரம் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் தண்டைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. கடன் பெற்று வாங்கிய பம்பு தவணை தீருமுன் பழுதாவதற்கு இதைக் கவனியாமையும் ஒரு காரணமாகும்.

இப்பாரம் உண்டாகும் விதம் யாதெனில்: இம்பெல்லர் என்னும் சுழல் சக்கரங்கள் பல ஒரே தண்டில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் கீழ்ப்புறத்து வாயால் ஜலத்தை வாங்கி, அழுத்தத்தை ஏற்றி, மேல் அடுக்குக்கு அனுப்புகிறது. சக்கரத்தின் மேற்புறமெங்கும் ஏறிய அழுத்தம் நிற்க, கீழே வாயளவு இடத்தில் ஏறாத அழுத்தமே இருப்பதால் சக்கரம் கீழே தள்ளப்படுகிறது. அவ்விடம் 20 சதுர சென்டிமீட்டர் என்றும், ஓர் அடுக்கு ஜலத்தை 10 மீட்டர் ஏற்றுவதாகவும் கொண்டால், சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 20 கிலோ ஆகிறது. 15 அடுக்குகளுக்கு 300 கிலோ. அதாவது 75 கிலோ நெல் மூட்டை நான்கைத் தண்டின்மேல் ஏற்றியதற்குச் சமானம்.

இதைச் சமாளிக்கப் பல உபாயங்கள் உண்டு. பெரிய கிடைப் பம்புகளில் சக்கரங்களில் பாதியை எதிர்முகமாக வைப்பார்கள். அல்லது ஜலம் வெளியேறும் பக்கத்தில் தண்டில் சமநிலைத் தட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். சக்கரத்தில் துளையிடுவதும் உண்டு. அதனால் சிறிது ஜலம் பின்னோக்கிக் கசிந்து சக்தி விரயமாகும். ஆழ்குழாய்க் கிணற்று நீர்மூழ்கிப் பம்பிலோ, மோட்டாரின் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கே பாரத்தைத் தாங்குகிறது. நீர் நிரப்பும் மோட்டாரில் அந்தப் பேரிங்குக்கு உள்ளிருக்கும் ஜலமே மசகு. அது தேய்ந்தால் தண்டு இறங்கிச் சக்கரங்கள் உறையில் உராயும். ஆம்பியர் ஏறும், ஜலம் குறையும்.

ஆகையால் விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை நான்கு. முதலாவது, அத்தகைய மோட்டாரில் சுத்தமான ஜலத்தை நிரப்பிய பின்பே கிணற்றில் இறக்க வேண்டும். இரண்டாவது, குழாய் வெறுமையாக இருக்கையில் எதிர்ப்பின்றி ஜலம் வேகமாகப் பாய்ந்து சக்கரங்களை மேல்நோக்கித் தூக்கக்கூடும். எனவே வால்வைச் சிறிதளவே திறந்து ஓட்டத் தொடங்கி, குழாய் நிரம்பிய பின் மெதுவாகத் திறக்க வேண்டும். மூன்றாவது, வால்வை முற்றும் மூடி ஓட்டலாகாது. அப்பொழுது கீழ்நோக்கும் பாரம் மிகும், ஜலமும் சூடேறும். நான்காவது, கிணறு வற்றியபின் ஓட்டலாகாது.

இவை யாவற்றினும் முக்கியமானது, அடுக்குகளின் தொகையைச் சரியாகத் தெரிந்தெடுத்தலாகும். “நாலு அடுக்கு அதிகமிருந்தால் நல்லதுதானே” என்று வாங்குவோர் பலர். தேவைக்கு மிஞ்சிய பம்பு அளவுக்கு மீறி ஜலத்தைத் தள்ளி மோட்டாரை வருத்தும். தேவைக்குக் குறைந்ததோ ஜலம் ஏறாமல் வீணே சுழன்று பேரிங்கைத் தேய்க்கும். கடன் மனு ஆலோசனைக்கு வரும்போது, பம்பின் விலையை மாத்திரம் பாராமல், கோடையில் ஜலமட்டம் எவ்வளவு தாழ்கிறது, கிணறு மணிக்கு எவ்வளவு ஜலம் தருகிறது என்பவற்றையும் சங்கத்தார் கேட்டறிவார்களாயின், பம்பும் நிலைக்கும், தவணையும் தவறாது.