ஆயிரம் துண்டுகளில் ஒரு ரயில்



சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் ஒரு ரயில் படம் மாட்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்து மலையில், ஆறு வளைவுகள் கொண்ட கல்பாலத்தின்மேல் வளைந்து போய், எதிரே செங்குத்தாக நிற்கும் பாறைக்குள் நேராக நுழையும் சிவப்பு ரயில். லாண்ட்வாசர் பாலம் என்று பெயர். 1902-இல் கட்டி முடித்தது, உயரம் 65 மீட்டர். வீட்டுக்கு வருகிறவர்கள், "நல்ல போட்டோ" என்பார்கள். கிட்டப் போனால்தான் துண்டுகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். ஆயிரம் துண்டுகள் சேர்த்த ஜிக்சா அது.

ஜிக்சா என்றாலே பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் நம்மில் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. கண்ணைப் பழக்கும் கலை அது. அந்தக் கலைக்கு ரயிலைவிடப் பொருத்தமான படம் வேறு இல்லை என்பது பல வருடங்களாக மேசைமுன் உட்கார்ந்து நான் கண்டது.

ஏன் என்று சொல்கிறேன். பூந்தோட்டப் படத்தில் ஒரு பூவைப் போலவே இன்னொரு பூ இருக்கும். நீராவி இஞ்சினில் அப்படி இல்லை. சக்கரத்தின் ஆரக்கால் ஒரு துண்டில், சக்கரங்களை இணைக்கும் தண்டு இன்னொன்றில், ஆணித்தலைகள் வரிசையாக வேறொன்றில், எண் பலகையில் பாதி எழுத்து மற்றொன்றில். ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே சொல்லும். தண்டவாளமும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வதால் கைக்கு வழி காட்டும். ஆனால் புகைக்கு வந்தால் எல்லாம் நின்றுவிடும். பெட்டியின் மேல் பார்க்கும்போது புகை வெள்ளை. முறத்தில் கொட்டி, சன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தால், ஒன்றில் சாம்பல் படிந்த நீலம், ஒன்றில் வெயில் பட்ட மஞ்சள், ஒன்றில் கீழே எரியும் நெருப்பின் லேசான சிவப்பு. நிறத்தால் பிரித்தது போக மிஞ்சியதை வடிவத்தால் பிரிக்க வேண்டும்: இரண்டு நாக்கு நீட்டியவை ஒரு தட்டில், மூன்று நாக்கு உள்ளவை ஒரு தட்டில், நாலு பக்கமும் வாய் திறந்தவை தனியாக. ஒரு சாயங்காலம் முழுக்க ஏழு துண்டுதான் சேரும். அந்த ஏழும் சேர்ந்தபிறகு, வேறெந்தப் படத்திலும் புகையை வெறும் வெள்ளையாகப் பார்க்கவே முடியாது.

இந்த ஜிக்சா எங்கிருந்து வந்தது? 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க நாட்டுப் படங்களை மரப்பலகையில் ஒட்டி, எல்லைக்கோடு வழியே அறுத்து விற்றார். ரயில் இதற்குள் பெரிய அளவில் ஏறியது 1924-இல். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, தன் விளம்பரத்துக்காக சாட் வேலி என்ற பொம்மை நிறுவனத்திடம் மர ஜிக்சா செய்யச் சொன்னது. முதல் படம் கேர்ஃபில்லி காஸில் என்ற இஞ்சின். 1939-இல் போர் வரும்வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஏறக்குறைய பத்து லட்சம் பெட்டிகள் விற்றன.

அந்தக் கேர்ஃபில்லி காஸில் இஞ்சினை 1924-இல் வெம்ப்ளி பேரரசுக் கண்காட்சியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதே கண்காட்சியில் மலாயாவுக்கும் ஒரு மண்டபம். அங்கே காட்சிக்கு இருந்தவை ரப்பரும் ஈயமும். இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் முன்னோரின் உழைப்பும், ஜிக்சாவாகப் போகிற அந்த இஞ்சினும் ஒரே திடலில் இருந்திருக்கின்றன.

எங்கள் கெடாவுக்கு ரயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1915-இல் அலோர் ஸ்டார், 1918-இல் சயாம் எல்லையில் பாடாங் பெசார். ஊருக்குப் போகிற தோட்டத்து மக்கள் பிறை வரை ரயிலில் போய், படகில் பினாங்குக்குக் கடந்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள். அதே தண்டவாளத்தில்தான் ஜப்பான்காரர் காலத்தில் சயாமுக்கும் ஆள் ஏற்றினார்கள். அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போடப் போய்ச் செத்துப்போன தமிழர்களின் கணக்கு இன்றுவரை சரியாக எழுதப்படவில்லை. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் பாட்டி, தூரத்தில் ரயில் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு லயத்து வாசலுக்கு வந்து நிற்பார். அவருடைய அண்ணன் போனவர், வரவில்லை.

ஆகவே ரயில் படத்தை அலங்காரமாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. கடையில் படம் எடுக்கும்போது முதலில் சக்கரத்தைப் பார்ப்பேன். சக்கரம் தண்டவாளத்தில் உட்காராமல் மிதக்கிற படங்கள் நிறைய வருகின்றன. வண்ண விளக்கு, பனி, வானவில் எல்லாம் இருக்கும், ரயிலுக்குக் கனம் இருக்காது. அதை வாங்காதீர்கள். கரி அள்ளுகிறவர், கொடி பிடிக்கிறவர், மூட்டையோடு நிற்கிறவர் என்று யாராவது வேலை செய்கிற படமாக எடுங்கள்.

மாட்டுவது தனிக் கலை. நம் ஊர் ஈரக்காற்று அட்டைக்கு எதிரி. என் முதல் படத்தைக் கண்ணாடி நேராக அழுத்தும்படி சட்டமடித்துவிட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டுமுன் வானம் முழுக்கப் பூசணம். இப்போது ஜிக்சா பசையை மேலே மெல்லத் தடவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓர் அட்டை விளிம்பு இடைவெளி விட்டு அடிக்கச் சொல்கிறேன். வெயில் விழும் சுவர் வேண்டாம், சிவப்புதான் முதலில் வெளுக்கும். சுவர் நிறைய மாட்டவும் வேண்டாம். ஒன்று போதும். மற்றதைக் கலைத்துப் பெட்டியில் போட்டுத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள், இன்னொரு கை அதைச் சேர்க்கட்டும்.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். புகைப்படத்தை ஜிக்சாவாக அச்சடித்துத் தரும் கடையில், அப்பாவின் பழைய படம் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கறுப்பு வெள்ளை, ஐந்நூறு துண்டு. நிறம் துணைக்கு வராததால் ஆயிரத்தைவிடக் கடினம். இப்போது ஈடிஎஸ் ரயில் எங்கள் தாமானைக் கடக்கிற சத்தம், நாங்கள் தலை நிமிருமுன் போய்விடுகிறது. இந்த ரயில்பெட்டியோ மூன்று வாரமாக மேசையில் நிற்கிறது. அம்மா பெட்டியையும் தொடவில்லை, வானத்தையும் தொடவில்லை. அப்பாவின் சட்டைத் துண்டுகளை மட்டும் ஒரு தாம்பாளத்தில் பொறுக்கி வைத்திருந்தார். நேற்று ராத்திரி கைப்பிடியைப் பிடித்த அந்தக் கை கிடைத்தது. "நாலு விரல்தான் தெரியுது, கட்டைவிரல் வேறு துண்டுல இருக்கும், தேடு" என்றார்.